பட்டாளத்துக்காரர் வீட்டில் அவசரச் செலவு வந்தால்: முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடு எது என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் நம்பர், ரேங்க், பெயர். கம்மவான்பேட்டையை எல்லோரும் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே தெருவுக்குத் தெரு அந்தப் பெட்டி உண்டு. ஆனால் அதற்குள் என்னென்ன காகிதம் இருக்கிறது என்பது, பெட்டிக்குச் சொந்தக்காரர் மயங்கி விழுகிற நாள் வரை, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். ஊருக்கு வந்த பிறகும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை. யாராவது ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், உட்கார்ந்து பார்ப்போம். உதவியே கிடையாது என்று திரும்பிப் போனவர்கள் குறைவு. சரியான உதவியைத் தவறான கதவில் கேட்டவர்களும், சரியான கதவை நாள் கடந்து தட்டியவர்களும்தான் அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைனிக் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் நல வாரியம், தரும் உதவித்தொகை எதுவும் இன்று கேட்டு நாளை வருவதில்லை. மாதங்கள் ஆகும். ஆகவே வரிசை இப்படி: முதலில் கையை விட்டுப் போகிற பணத்தை நிறுத்துங்கள். அடுத்து, ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமாகி எங்கோ கிடக்கும் பணத்தை எடுங்கள். உதவித்தொகை மூன்றாவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, அந்த ரசீதோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

படி 1: நீங்கள் எந்தப் பட்டியலில் வருகிறீர்கள்?

'எக்ஸ் சர்வீஸ்மேன்' என்று நாம் எல்லோரையும் சேர்த்துச் சொன்னாலும் அரசாங்கத்தின் கண்ணில் மூன்று பேர் தனித்தனி.

முதலாவது, பென்ஷன் வாங்குபவர், அவர் இறந்திருந்தால் குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவி. இவர்களுக்கு இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு, ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறை வழியாக பென்ஷன் வருகிறது.

இரண்டாவது, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த முன்னாள் படைவீரர். அந்தக் காலத்தில் சில ஆண்டுகள் மட்டும் வேலை பார்த்து அனுப்பப்பட்ட பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மத்திய அரசின் பல உதவித்தொகைகள் முக்கியமாக இவர்களை மனத்தில் வைத்துத்தான் வந்தன. ஆனால் "எனக்குத்தான் பென்ஷனே இல்லையே, எனக்கு என்ன கொடுப்பான்" என்று ஒதுங்கி நிற்பவர்களும் இவர்கள்தான்.

மூன்றாவது, இப்போது பணியில் இருப்பவரின் குடும்பம். இவர்களுக்கு முதல் கதவு சைனிக் போர்டு அல்ல, அவருடைய யூனிட்.

அக்னிவீரர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022-ல் திட்டம் வந்தபோது சொன்னபடி, நான்கு ஆண்டு முடித்து வெளியே வருபவருக்கு சேவா நிதி என்ற மொத்தத் தொகை கிடைக்கும். பென்ஷன், இசிஹெச்எஸ், முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. ஆகவே கீழே சொல்லும் திட்டங்களை அவர்கள் அப்படியே தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு வகையினரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும். மனைவிக்கு விதவையர் அடையாள அட்டை தனியாக உண்டு. பழைய ஆட்கள் இந்த அலுவலகத்தைச் 'சோல்ஜர் போர்டு' என்பார்கள். ஓய்வு பெற்று வேறு மாவட்டத்தில் வீடு கட்டியவர்கள் பதிவை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அவசரத்தில் இரண்டு மாவட்டத்துக்கு நடுவே பந்தாகிவிடுவோம், அதை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: ஆஸ்பத்திரி வாசலில் முதல் 48 மணி நேரம்

அவசரம் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இசிஹெச்எஸ் 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. சாதாரண நாளில் இசிஹெச்எஸ் பாலிகிளினிக் போய், அங்கே ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்கி, ஒப்பந்தம் செய்துள்ள தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து என்றால் ரெஃபரலுக்காக நிற்கத் தேவையில்லை. ஒப்பந்த மருத்துவமனைக்கு நேராகப் போய் கார்டைக் காட்டுங்கள். சேர்த்த விவரத்தை இசிஹெச்எஸ்ஸுக்குத் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு. பில் உங்களிடம் வரக் கூடாது.

வரக் கூடாது என்பது விதி. நடைமுறையில் "இப்போதைக்கு ஒரு அட்வான்ஸ் கட்டுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு குரல் வரும். எனக்கே வந்தது. மாமனாரைச் சேர்த்த இரவில், கவுன்டரில் இருந்தவர் சிஸ்டம் வேலை செய்யவில்லை, பணம் கட்டினால்தான் ஸ்கேன் என்றார். நான் சத்தம் போடவில்லை. "சரி, இசிஹெச்எஸ் நோயாளியிடம் அட்வான்ஸ் கேட்கிறோம் என்று இந்தத் தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். பத்து நிமிஷத்தில் சிஸ்டம் வேலை செய்தது. இது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். பலிக்காவிட்டால் பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரிக்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள். அந்த நம்பர் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, மகள் போனிலும் இருக்கட்டும்.

பக்கத்தில் ஒப்பந்த மருத்துவமனையே இல்லை, கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டீர்கள் என்றால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். போனில் சொன்னதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலோ கடிதமோ கொடுத்து அதற்கு ஒரு சான்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தகவல் போகாததால் மொத்தக் கோரிக்கையும் சிக்கிக்கொண்ட வீடுகளை எனக்குத் தெரியும். இங்கே பில்லை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும், பிறகு திருப்பித் தருவார்கள். திருப்பித் தருவதும் நீங்கள் கட்டியதை அல்ல, மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தின் கட்டண அளவுப்படி. இடைவெளி உங்கள் கையைக் கடிக்கும். ஆகவே நோயாளியின் நிலை சற்றுத் தேறியதும், மருத்துவர் சம்மதித்தால், ஒப்பந்த மருத்துவமனைக்கு மாற்றிவிடுவது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வாங்க வேண்டியவை: அவசர நிலையில்தான் சேர்க்கப்பட்டார் என்ற மருத்துவரின் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு செலவையும் தனியாகக் காட்டும் பில், பணம் கட்டிய ரசீதுகள். இதய ஸ்டென்ட், மூட்டு போன்றவை வைத்திருந்தால் அவற்றின் ஸ்டிக்கர், வெளி உறை. கடைசியில் சொன்னதைக் குப்பையில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்கள் உண்டு.

சாலை விபத்து என்றால், யாராக இருந்தாலும், தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு, இலவசம். அடிபட்டவர் பட்டாளத்துக்காரரா என்பதெல்லாம் இதில் கேள்வி இல்லை.

பென்ஷன் இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவாக இசிஹெச்எஸ் கிடையாது. அவர்களுக்கு முதல் அரண் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாத மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டமும் 2024 முதல் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் என்பதற்காக இந்தப் பொதுத் திட்டங்களை விட்டுவிடாதீர்கள். "நாம் பட்டாளம், ரேஷன் கார்டு வரிசையில் நிற்பதா" என்கிற ரோஷம் சிலருக்கு உண்டு. ரோஷத்துக்கு ஆஸ்பத்திரியில் தள்ளுபடி கிடையாது.

படி 3: ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான பணம்

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை யாரும் காகிதத்தைத் தொட மாட்டார்கள், அது இயல்பு. ஆனால் இறப்புச் சான்றிதழ் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அதில் உள்ள பெயர் பிபிஓ எனும் பென்ஷன் உத்தரவில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பதால், பதிவு செய்யப் போகிறவர் கையில் பிபிஓ நகல் இருக்கட்டும்.

அடுத்து ஸ்பர்ஷ். பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் நடத்தும் பென்ஷன் முறை அது. இறப்பை அதில் தெரிவிக்க வேண்டும். உங்களால் இயலாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை தரும் வங்கிக் கிளையிலோ செய்வார்கள். சான்றிதழ், மனைவியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். மனைவி பெயர் பிபிஓவில் சரியாக இருந்தால் குடும்ப பென்ஷன் பெரிய சிக்கலின்றித் தொடங்கிவிடும். இறந்த நாள் வரைக்கும் அவருக்கு வர வேண்டிய பாக்கி பென்ஷனையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இறந்த பிறகும் ஓரிரு மாதம் அவர் கணக்கில் பென்ஷன் விழும். ஏடிஎம் கார்டு கையில் இருக்கும், செலவும் இருக்கும். எடுக்காதீர்கள். பின்னால் அதைக் கணக்குப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள், அந்தப் பிடித்தம் குடும்ப பென்ஷனின் முதல் மாதங்களிலேயே விழுந்தால் இரட்டைச் சுமை.

எவ்வளவு வரும்? சாதாரண குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பிறகு இறந்திருந்தால், முதல் 7 ஆண்டுகளுக்கோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரையோ, எது முந்தியோ அதுவரை, உயர்த்திய விகிதம். 50 சதவீதக் கணக்கு. குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும். இளம் வயதில் கணவரை இழந்தவர்கள் உயர்த்திய விகிதம் தனக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி மகனோ மகளோ இருந்தால், தன்னால் சம்பாதிக்க முடியாத நிலையில், பெற்றோர் இருவருக்கும் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் உண்டு. திருமணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கும் நிபந்தனைகளோடு உண்டு. இதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்து வைத்தால் பிள்ளைக்கு அலைச்சல் மிச்சம்.

அப்புறம் பலர் மறந்துபோகிற இரண்டு பணம். ஒன்று, குழுக் காப்பீடு. பணியில் இருக்கும்போது மாதா மாதம் பிடித்தது மட்டும் அல்ல, ஓய்வு பெறும்போது ஒரு தொகை கட்டி நீட்டித்த காப்பீடும் உண்டு. அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள், எத்தனை வயது வரை என்று அதிலேயே இருக்கும். அந்த வயதுக்குள் இறந்திருந்தால் தொகை குடும்பத்துக்கு. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி நிதி அமைப்பு. சான்றிதழ் கிடைக்கவில்லை என்றாலும் சர்வீஸ் நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்று, வங்கிக் கணக்கு. பென்ஷன் வரும் கணக்கு படையினருக்கான தனிப் பேக்கேஜாக இருந்தால், அதோடு விபத்துக் காப்பீடு இலவசமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண சேமிப்புக் கணக்காகவே விட்டிருந்தால் கிடைக்காது. மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். விபத்தில் இறந்தால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். "போனவர் போய்விட்டார், அறுக்க வேண்டாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது மனசுக்கு நியாயமாக இருக்கும். பிறகு அந்த அறிக்கை இல்லாமல் விபத்துக் காப்பீடு எதுவும் நகராது.

பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டது என்று பதறி வருபவர்களும் உண்டு. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஆயுள் சான்று. ஆண்டுக்கு ஒரு முறை தர வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கலாம். ஆனால் பென்ஷன் வழங்குபவர் யார் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று வேறு இடத்துக்குப் போய்விடும். ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரி செய்ததும் நின்ற மாதங்களின் பாக்கியும் சேர்ந்து வரும். அதற்குள் வட்டிக்கு வாங்க வேண்டாம்.

படி 4: பணியில் இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்

யூனிட்டிலிருந்து ஆள் வருவார், வழிகாட்டுவார். ஆவணங்களின் பெரும்பகுதியை அவர்களே தயாரிப்பார்கள். குடும்பம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மரணம் பணி காரணமாக நேர்ந்ததா என்ற முடிவு. எல்லாத் தொகையும் அதில்தான் தொங்குகிறது. பணி காரணமாக என்றால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம். போரிலோ தீவிரவாதிகளுடனான மோதலிலோ என்றால் தாராளமயக் குடும்ப பென்ஷன், கடைசிச் சம்பளம் முழுவதும். மத்திய அரசின் கருணைத் தொகையும் அப்படியே: பணியின்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம், எல்லை மோதலில் 35 லட்சம், போரில் எதிரியால் இறந்தால் 45 லட்சம்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால் அந்தப் பயணம், விதிகளுக்கு உட்பட்டு, பணியாகவே கருதப்படும். ஆகவே ரயில் டிக்கெட், லீவ் சர்டிபிகேட், பையில் இருந்த துண்டுச் சீட்டு உட்பட எதையும் தூக்கிப்போடக் கூடாது. ஊரில் நடந்த விபத்து என்றால் காவல் நிலையத்தில் பதிவு செய்வதோடு யூனிட்டுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் தொடர்பு தேவைப்படும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மனைவியர் நலச் சங்கங்களும் முப்படைக்கும் உண்டு. முதல் வாரங்களில் பணத்தைவிட ஆள் துணை அவர்களிடமிருந்து கிடைக்கும்.

படி 5: உதவித்தொகைகள்

மத்திய சைனிக் போர்டு வழியாக வரும் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதிதான் பெரியது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடிநாளில் நாம் உண்டியலில் போடும் காசு சேரும் நிதியிலிருந்துதான் இது நடக்கிறது. 2025 அக்டோபரில் மூன்று தொகைகளை இரட்டிப்பாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அவை பொருந்தும்.

முதலாவது வறுமை உதவித்தொகை. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, நிலையான வருமானம் இல்லாத முன்னாள் படைவீரருக்கு, அவர் இல்லாவிட்டால் மனைவிக்கு. ஹவில்தார் ரேங்க் வரை உள்ளவர்களுக்கு. மாதம் 4,000 ஆக இருந்தது 8,000 ஆனது. ஊரில் யாரோ ஒரு தாத்தா '71 யுத்தம்' என்று டீக்கடையில் கதை சொல்லிக்கொண்டிருப்பார், கையில், ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த, ஒரு கிழிந்த டிஸ்சார்ஜ் புக் இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000, இரண்டு பிள்ளைகள் வரை, முதல் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை. மகள் திருமணத்துக்கு 1,00,000, இரண்டு மகள்கள் வரை. விதவை மறுமணத்துக்கும் உண்டு. இவையும் ஹவில்தார் வரைதான். திருமணமாகி 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாண அலுப்பில் இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய.

மருத்துவத்துக்கு, பென்ஷன் இல்லாத ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு 50,000 வரை. புற்றுநோய், டயாலிசிஸ், இதய அறுவை போன்ற கடும் நோய்களுக்குத் தனி உதவி உண்டு, பென்ஷன் இல்லாத எல்லா ரேங்குக்கும், 1,50,000 வரை. இரண்டும் 2023-ல் உயர்த்தியவை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 3,000. தொழில்கல்வி படிக்கும் பிள்ளைக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை வேறு: மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500. இது போட்டி அடிப்படையில், ஆண்டுக்கு ஒரு முறை.

மாநில அரசின் பக்கம், கொடிநாள் நிதி, தொகுப்பு நிதி என்று முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் தனி நிதிகள் இருக்கின்றன. ஈமச்சடங்கு, திருமணம், கல்வி முதலியவற்றுக்கு அவற்றிலிருந்து தருகிறார்கள். ஈமச்சடங்குத் தொகை பெரியதல்ல, ஆனால் மாவட்ட அளவில் முடிகிற காரியம் என்பதால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஒரே செலவுக்கு மத்தியிலும் மாநிலத்திலும் வாங்கலாமா என்று கேட்பார்கள். விண்ணப்பத்தில் உறுதிமொழி ஒன்று இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 6: விண்ணப்பம் எப்படி நகர்கிறது

மத்திய சைனிக் போர்டு உதவிகளுக்கு, அதன் கேஎஸ்பி டாட் கவ் டாட் இன் (ksb.gov.in) தளத்தில் பதிவு செய்து, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். ஏற்றிய பிறகு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மூல ஆவணங்களோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தால்தான் அது சென்னைக்கு நகரும், அங்கிருந்து டெல்லிக்கு. பணம் நேராக விண்ணப்பதாரர் கணக்குக்கு வரும். நடுவில் எந்த ஏஜென்ட்டுக்கும் இடம் இல்லை, கட்டணமும் இல்லை.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களுக்கு நான் பார்த்த காரணங்கள் சில்லறையானவை. டிஸ்சார்ஜ் புக்கில் எழுத்து உள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து மீதியை விட்டிருப்பார்கள். எல்லாப் பக்கமும் வேண்டும். பாஸ்புக் நகலில் ஐஎஃப்எஸ்சி எண் தெரியாது. வங்கிகள் இணைந்த பிறகு பழைய எண்ணையே கொடுத்திருப்பார்கள். திருப்பி அனுப்பினால் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அந்த போன் பேரனிடம் இருக்கும்.

படி 7: பெயர்

இதை ஒரு படியாக வைத்ததற்குக் காரணம், மேலே சொன்ன ஆறு படிகளும் இங்கேதான் இடறி விழுகின்றன.

நமக்கு இனிஷியல்தான் பழக்கம். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்த கிளார்க்குக்கு அது புரியாது. முருகன் என்ற பையனின் இனிஷியல் 'கே' விரிந்து அப்பா பெயர் முன்னால் வந்து, கந்தசாமி முருகன் ஆகிவிடுவார். ஆதாரில் முருகன் கே. இறப்புச் சான்றிதழில் க. முருகன். மனைவி விஷயம் இன்னும் மோசம். வீட்டில் லட்சுமி, ரெக்கார்டில் லெட்சுமி, ஆதாரில் ஆங்கில எழுத்தில் மூன்றாவது விதமாக. 'அம்மாள்' சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. பிறந்த தேதியோ, கல்யாணத்தின்போது விண்ணப்பம் நிரப்பியவர் குத்துமதிப்பாகப் போட்ட ஜனவரி 1 அல்லது ஜூலை 1.

உயிரோடு இருக்கும் படைவீரரே ஒரு கடிதமும் பிரமாணப் பத்திரமும் கொடுத்தால் ரெக்கார்ட் ஆபீஸ் பார்ட் டூ ஆர்டர் (பணிப் பதிவில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட்டுத் திருத்தும், பிறகு பிபிஓவும் திருந்தும். சில மாதம் ஆகலாம், ஆனால் முடியும். அவர் இறந்த பிறகு அதே திருத்தத்துக்கு அந்த அம்மா, தான்தான் அவருடைய மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், இரண்டு பேர் ஆதார், பாஸ்புக், இசிஹெச்எஸ் கார்டு: இவற்றை ஒரு நாள் பாயில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். இரண்டாம் திருமணம், வாரிசுத் தகராறு என்று சிக்கல் இருந்தால் அதுவும் இப்போதே பேச வேண்டிய விஷயம்தான்.

படி 8: எங்கேயும் நகரவில்லை என்றால்

மாவட்ட சைனிக் போர்டின் தலைவர் கலெக்டர். கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் அவ்வப்போது நடக்கிறது. தேதி உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, அடையாள அட்டை நகலோடு போங்கள். விண்ணப்ப எண், கொடுத்த தேதி, எந்த மேசையில் நிற்கிறது: இந்த மூன்றும் மனுவின் முதல் வரியில் இருக்கட்டும். நாட்டுக்காக எத்தனை ஆண்டு பனியில் நின்றோம் என்பதை இரண்டாம் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழக்கு அளவுக்குப் போனால், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலை 26 அன்று தொடங்கிய வீர் பரிவார் சகாயதா யோஜனா இருக்கிறது. சைனிக் போர்டுகளிலேயே சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். பென்ஷன் தகராறுகளுக்கு ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் உண்டு.

இடையில் "ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், உங்கள் பென்ஷன் நிற்கப் போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வரும். சர்வீஸ் நம்பர் உட்பட எல்லாம் சரியாகச் சொல்வார்கள். வைத்துவிடுங்கள்.

இனி அந்த டிரங்குப் பெட்டி. மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். சர்வீஸ் நம்பர், பிபிஓ நம்பர், ஸ்பர்ஷ் பயனர் பெயர், ரெக்கார்ட் ஆபீஸ், பாலிகிளினிக் போன், குழுக் காப்பீட்டுச் சான்றிதழ் எண், வங்கிக் கிளை. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம், மனைவிக்கோ பிள்ளைக்கோ நேரில் சொல்லிவிடுங்கள்.

நானும் போன மாதம் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, படித்துப் பார் என்று வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தவள், பெட்டிக்குள்ளிருந்து பிபிஓவையும் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் பிறந்த தேதி அதில் தப்பாக இருக்கிறது என்றாள். ஊருக்கெல்லாம் பார்ட் டூ ஆர்டர் அடித்துக் கொடுத்தவன் வீட்டில், முப்பத்தோரு வருஷமாக. கடிதம் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.